புதுப்பிப்பு: எண்ணெய்க் குளியல், 4 வாரம் கழித்து

கழுத்து வலி, தூக்கமின்மை இரண்டுக்கும் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்க்கப் போகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன்.

முதல் வாரம் மாலையில் குளித்தது தப்பு. தலை சரியாகக் காயாமல் இரண்டு நாள் மூக்கடைப்பு. அப்புறம் அம்மா சொன்னபடி காலை 7 மணிக்கு மாற்றினேன். 100 மில்லி நல்லெண்ணெயில் அரை ஸ்பூன் சீரகம், ஐந்தாறு மிளகு. சீரகம் பொரிந்ததும் இறக்கிவிட வேண்டும், புகைய விடக்கூடாது. கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, அரை மணி ஊறி, வெந்நீர்க் குளியல். சீயக்காயைவிட அரப்பு (உசிலை இலைப் பொடி) எனக்கு ஒத்துப்போகிறது. வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் முடி மெத்தென்று இருக்கிறது. குளியலறைத் தரை வழுக்கும், கவனம்.

மதியம் மிளகு ரசம் சாதம். கண் சொக்கும், ஆனாலும் பகலில் தூங்கக்கூடாது என்பார்கள். தூங்காமல் இருந்தேன். அன்று இரவு 10 மணிக்கே தூக்கம், விடியும்வரை விழிப்பில்லை. அந்தச் சுகத்தை எத்தனை வருடம் கழித்து அனுபவித்தேன்! மற்ற நாட்களில் பெரிய மாற்றமில்லை. கழுத்து வலியும் திரும்பிவிட்டது, அதற்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.

தூக்கத்துக்கு ஜாதிக்காய்ப் பால் குடிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு: பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி போதும். அதிகமானால் தலைசுற்றல், வாந்தி வரும்.