மொட்டைமாடியில் பெல்லட் ஸ்மோக்கர்: எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டை மாடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் அண்ணன் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, கப்பலில் வந்த வீட்டுச் சாமான்களோடு ஒரு பெல்லட் ஸ்மோக்கரும் வந்து சேர்ந்தது. பெல்லட் எனப்படும் மரத்தூள் குச்சிகளை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் கறியை மெல்ல வேகவைக்கும் மின் அடுப்பு அது. அவர் கோயம்புத்தூரில் அடுக்கக வீட்டில் குடியேறிவிட்டதால், அது எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்த இயந்திரம் என்பதால், ரிச்சி தெருவில் 500 வாட் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி இணைத்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ ஆட்டுப் பின்தொடையை உப்பும் மிளகும் தடவி, 110 டிகிரி செல்சியஸில் வைத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் வெப்பம் சரசரவென்று 70 டிகிரிக்கு இறங்கித் திரையில் பிழைக்குறி வந்தது. பெல்லட் பெட்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தால், அண்ணன் கொண்டுவந்த பெல்லட்டுகள் ஊறி உதிர்ந்து மரத்தூளாகி, பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகுதண்டின் வாயில் களிமண் போல அடைத்துக்கொண்டிருந்தன. திருப்புளியால் குத்தி எடுத்து மறுபடி ஓட்டினேன். ஆறு மணி நேரம் கழித்து வெளியே வந்த கறி தேங்காய் நார் போல இருந்தது. அம்மா அதை மறுநாள் குக்கரில் போட்டுக் குழம்பாக்கிவிட்டார்.

இயந்திரத்தில் கோளாறா, என் கையில் கோளாறா என்று தெரியவில்லை. முதலில் எந்தக் கறியில் கை பழகலாம்? எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்கிறது என்பதால் புகையைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

எண்ணூர் ஃபிட்டர்:

தம்பி, இயந்திரத்தில் கோளாறு இல்லை. கடற்காற்றில் திறந்து கிடந்த பெல்லட் எங்கு போட்டாலும் அப்படித்தான் ஆகும்.

பெல்லட் என்பது மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் சுமார் ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியாக்கியது. அதில் பசை எதுவும் கிடையாது. மரத்திலேயே இருக்கும் லிக்னின் சூட்டில் இளகி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிடி விட்டுப்போய், பெல்லட் உப்பித் தூளாகிவிடும். பெட்டியிலிருந்து பெல்லட்டைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளுவது ஒரு திருகுதண்டு. அங்கே ஒரு சூட்டுக்கம்பி அதைப் பற்றவைக்கிறது, விசிறி காற்றை ஊதுகிறது, கன்ட்ரோலர் உள்வெப்பத்தைப் பார்த்துத் தண்டைச் சுற்றியும் நிறுத்தியும் தீயைக் கட்டுப்படுத்துகிறது. தண்டு அடைத்தால் தீக்குத் தீனி நின்றுவிடும்; உங்களுக்கு 70 டிகிரிக்கு இறங்கியதன் காரணம் அதுதான். நல்ல பெல்லட்டை இரண்டு விரலால் ஒடித்தால் 'டக்'கென்று முறியும், மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். வளைந்து நசுங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்திருந்து, ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் பெட்டியில் மிச்சமிருப்பதை அள்ளி டிரம்மிலேயே போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே இரவு விட்டுவைத்தாலும் இதே கதைதான்.

டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி ஒரு செய்தி. பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில்தான் இது 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். அதன்பின் 50 வாட் அளவோடு சரி, ஆகவே உங்கள் 500 வாட் போதும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. உள்ளே இருப்பது ஏசி மோட்டாராக இருந்தால், தண்டு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். கன்ட்ரோலர் இதை ஓரளவு ஈடுகட்டிவிடும்; அதிக வெப்பத்துக்கு ஏறும்போதுதான் தாமதம் தெரியும். டிசி மோட்டாராக இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

மின்வெட்டுதான் உண்மையான ஆபத்து. விசிறி நின்றுபோனால் தீக்கிண்ணத்தின் நெருப்பு திருகுதண்டின் வழியாகப் பெட்டியை நோக்கிப் பின்னால் ஏறலாம். எனவே வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். முடித்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்தி, மிச்சத்தை எரித்துமுடித்து விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். இடையில் அணைந்து மறுபடி தொடங்குவதானால், ஆறிய பிறகு கிண்ணத்தில் குவிந்திருக்கும் எரியாத பெல்லட்டை அள்ளிவிட்டே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். மழைக்குப் பயந்து மாடியறைக்குள் இழுத்துப்போவதும் கூடாது. இதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். கொழுப்பு வடியும் தட்டை நிறையவிடாதீர்கள். அது பற்றினால் மூடியை மூடி இயந்திரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

ராயபுரம் அக்கா:

இயந்திரத்தைப் பற்றி ஃபிட்டர் அண்ணன் சரியாகச் சொல்லிவிட்டார். கறியைப் பற்றி நான் சொல்கிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதிதான் தவறு. குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைப்பது எதற்கென்றால், இணைப்புத்திசுவில் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் மெல்லமெல்லக் கரைந்து பிசுபிசுப்பாக மாறுவதற்கு. அது நிறைய இருப்பது அதிகம் உழைக்கும் பகுதிகளில்: முன்னங்கால், தோள், கழுத்து, மாட்டில் நெஞ்சுப்பகுதி. நம் வெள்ளாட்டின் பின்தொடையில் கொழுப்பும் குறைவு. ஆறு மணி நேரம் காற்றில் வைத்தால் நார்தான் மிஞ்சும். அமெரிக்கர்களின் குறிப்புகள் கொழுப்பு ஓடிய அவர்கள் ஊர் மாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதே நேரக்கணக்கை நம் கறிக்கடைத் துண்டுக்குப் போட்டால் ஒத்துவராது.

முதலில் கோழியில் தொடங்குங்கள். ஒன்றரைக் கிலோ முழுக்கோழியைத் தோலோடு வாங்கி, முதுகெலும்பை மட்டும் நீக்கி விரித்துத் தரச் சொல்லுங்கள். முதல் நாள் இரவே கிலோவுக்குப் பதினைந்து கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் காயும். 110 டிகிரியில் ஒரு மணி நேரம் புகை ஏற விட்டு, பிறகு 170 டிகிரிக்கு ஏற்றுங்கள். குறைந்த சூட்டிலேயே முடித்தால் தோல் ரப்பர் போலிருக்கும். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைச் செருகி 74 டிகிரி காட்டியதும் எடுத்துவிடலாம், கடிகாரத்தை நம்பாதீர்கள். கறியின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தால் வேகவில்லை என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது தீயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்வதால் வருவது.

அடுத்ததாக ஆட்டின் முன்னங்கால், எலும்போடு. கறிக்கடைக்காரரிடம் குடலைச் சுற்றி வலைபோல் இருக்கும் கொழுப்பையும் கேட்டு வாங்குங்கள்; பல கடைகளில் அதைக் கொழுப்போடு கொழுப்பாகத் தள்ளிவிடுவார்கள். அதைக் கறியின் மேல் போர்த்தினால் தானாகவே உருகி ஊறும். உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். பயந்து தீயைக் கூட்ட வேண்டாம். நமக்கு வியர்த்தால் உடல் குளிர்வது போலத்தான், கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது. அந்த நேரத்தில் வாட்டிய வாழையிலையில் சுற்றி, அதன்மேல் அலுமினியத்தாள் சுற்றி மறுபடி வையுங்கள். 93 டிகிரி தாண்டி, வெப்பமானிக் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் பதம். மாட்டு நெஞ்சுக்கறியை இவை இரண்டும் கைவந்த பிறகு பார்க்கலாம். கடைகளில் துண்டு போட்டே பழகியதால், பாளமாக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

தண்டையார்பேட்டை மாடிவாசி:

ஃபிட்டர் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. சமையலுக்கான பெல்லட் இணையத்தில் விலை அதிகமாக இருக்கிறது. தொழிற்சாலை பாய்லருக்கான பெல்லட் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

காசிமேடு கரைவலை:

கூடவே கூடாது. பாய்லர் பெல்லட்டில் கடலைத்தோல் முதல் பழைய பலகைத் தூள் வரை என்னவும் இருக்கலாம். அந்தப் பலகையில் பெயின்ட்டும் பிளைவுட் பசையும் இருந்தால் அந்தப் புகைதான் கறியில் படியும். உணவுக்கென்று செய்த கடினமர பெல்லட்டே வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கு அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் மெஸ்கீட் என்று விற்கும் மரமும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய உறவு என்பதற்காகக் குச்சியை வெட்டிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், தண்டு உடைந்துவிடும்.

என் சொந்தக் கருத்து, பெல்லட் இயந்திரத்தின் புகை சற்று மெலிதுதான். டிரம் அடுப்பில் கொட்டாங்கச்சிக் கரி போட்டுச் சுடுவதன் வாசம் அதில் வராது. ஆனால் மீனுக்கு இந்த மெலிந்த புகைதான் பொருத்தம். கானாங்கெளுத்தியை வயிறு கீறிக் கழுவி, உப்புநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, தோல் காய்ந்ததும் உங்கள் இயந்திரத்தின் ஆகக் குறைந்த சூட்டில் வையுங்கள். எண்ணெய்ச் சத்துள்ள மீன் என்பதால் வறண்டுபோகாது. சூரையை அவித்துப் புகையில் உலர்த்தி வெயிலில் காயவைத்த மாசிக் கருவாட்டைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த வாசம் புதிதாகவும் இருக்காது.

தண்டையார்பேட்டை மாடிவாசி:

புதிய பெல்லட் வந்தது. அடைப்பை முழுக்க எடுத்து, வெறும் இயந்திரத்தை 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகு கோழியை வைத்தேன். தொடையில் 76 டிகிரி காட்டும்போது எடுத்தேன், தோல் மொறுமொறுப்பாக வந்தது. அக்கா சொன்னபடியே இளஞ்சிவப்பு வளையத்தைப் பார்த்து அத்தை மட்டும் தன் துண்டைத் தோசைக்கல்லில் போட்டு எடுத்தார். பற்றவைக்கும் முதல் பத்து நிமிடங்களில்தான் வெள்ளைப் புகை கிளம்புகிறது, பிறகு கண்ணுக்கே தெரிவதில்லை. எதிர்வீட்டம்மாவிடம் பேசிவிட்டேன்; பதினொரு மணிக்குள் துணியை எடுத்துவிடுவாராம். இனி அதற்குமேல்தான் பற்றவைப்பேன்.