தெய்யம் பக்கத்தில் நின்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பய்யனூர்வாசி:
வேலை மாற்றலாகி வட கேரளத்துப் பய்யனூருக்கு வந்தவன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தெய்யம் என்பது இங்கே காவு எனப்படும் தோப்புக் கோயில்களில் ஒருவர் தெய்வக் கோலம் கட்டி ஆடி, அந்தத் தெய்வமாகவே நின்று வாக்குச் சொல்லும் சடங்கு. இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீலேஸ்வரம் பக்கம் ஒரு தறவாட்டுக் காவு, அதாவது ஒரு பழைய கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான காவு, விடியவில்லை. முடி என்கிற பெரிய கிரீடத்தை ஏற்றியதும் கோலக்காரர் பீடத்தில் உட்கார்ந்து கைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார், செண்டை ஒரேயடியாக முழங்கியது, அவர் உடம்பு நடுங்க எழுந்தார். ஆட்டம் முடிந்து மஞ்சள்குறி, அதாவது பிரசாத மஞ்சள், வாங்க வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் அந்தத் தறவாட்டுக் காரணவர், குடும்பத் தலைவர், எழுபது தாண்டியவர். தெய்யம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உடன்பிறந்தவனோடு ஏன் பேச்சை நிறுத்தினாய் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டது. பெரியவர் கண் கலங்கித் தலையாட்டினார். தெய்யத்தின் கண்ணோரம் சாயில்யம் என்ற முகச்சாயத்தின் சிவப்பு வேர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு பக்கத்தில் நின்றேன்.

அப்புறம் கொஞ்ச நாள் கழித்து அதே கோலக்காரரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பெயிண்ட் கறை படிந்த சட்டை, கையில் சோற்றுப் பாத்திரம். அந்தக் காரணவர் எதிரே வந்து, வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, சுவர் வேலையை எப்போதுதான் முடிப்பாய் என்று அதட்டினார். கோலக்காரர் குனிந்து பதில் சொன்னார். அன்று அழுதவரும் அந்தக் காரணவர்தான், இன்று அதட்டுகிறவரும் அவர்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே புரியவில்லை.

தேனிக்காரன்:
நம் ஊரில் சாமியாடி குறி சொல்வதும் இதேதானே? கொடை முடிந்த மறுநாள் அவரும் வயலுக்குத்தான் போகிறார். நான் பார்த்தது ஒற்றைக்கோலம் என்ற தீப்பாயும் தெய்யம். தீச்சாமுண்டி என்ற அந்தத் தெய்யம் குருத்தோலை உடையோடு கனல் குவியலில் போய் விழும், கூட இருப்பவர்கள் இழுத்து வெளியே எடுப்பார்கள், மறுபடியும் பாயும். அனல் தாங்காமல் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன், இழுக்கிற பையன்கள் நகரவில்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தலச்சேரி மருமகள்:
"இதேதானே" என்று சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது தம்பி. சாமியாடிக்குச் சாமி வருவது வேறு. இங்கே வண்ணான், மலையன், வேலன் போன்ற, தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகங்களில் பிறந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிற கலை இது. தெய்யத்தின் கதையைச் சொல்லும் தோற்றம் பாட்டு மனப்பாடம், முகத்தெழுத்து என்கிற முக ஓவியம், விரதம், எந்தக் கோலம் யாருக்கு உரிமை என்ற கணக்கு. நன்றாகக் கட்டியவருக்குப் பட்டும் வளையும் கொடுத்து பெருவண்ணான் போன்ற பட்டம் சூட்டுவார்கள். என் மாமியார் வீட்டுக்குக் கர்க்கடக மாதம், நம் ஆடி மாதம், வீடு வீடாக வரும் ஆடிவேடன் என்ற சிறுவர் தெய்யம் வரும். அடை மழையில் ஏழெட்டு வயதுப் பையன், முடி நனையாமல் இருக்க அவன் அப்பா குடை பிடித்தபடி பின்னால் வந்தார். அத்தை கரி கலந்த தண்ணீரையும் மஞ்சள் சுண்ணாம்புத் தண்ணீரையும் சுற்றி ஊற்றினார்கள். ஆடி முடித்ததும் பையனுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. எவ்வளவு சின்ன வயதில் இதைச் சுமக்க ஆரம்பிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

கண்ணூர் நர்ஸ்:
எனக்குப் பறசினிக்கடவு ஆற்றங்கரைக் கோயிலில் வரும் முத்தப்பன் தெய்யம்தான். கூட வேலை பார்க்கும் முஸ்லிம் தோழியோடு சாயங்கால வெள்ளாட்டத்துக்கு, பெரிய முடி இல்லாத எளிய கோலத்துக்கு, போனோம். நான் தயங்கி நிற்க, முத்தப்பன் அவள் பக்கம் திரும்பி "மாடாயி நகரமே" என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வீட்டு நலம் விசாரித்தது. முஸ்லிம்களை முத்தப்பன், பழைய பள்ளிவாசல் இருக்கும் மாடாயி ஊரை வைத்து, அப்படித்தான் கூப்பிடுமாம். காலடியில் நாய் ஒன்று படுத்திருந்தது, யாரும் விரட்டவில்லை. வாசலிலேயே நாய்ச் சிலைதானே இருக்கிறது. வேகவைத்த பயறும் தேங்காய்த் துண்டும் டீயும் கொடுத்தார்கள். அவள் படகுத்துறை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காவுகாவாய் அலைபவன்:
பய்யனூர்வாசி, பொட்டன் தெய்யம் பார்த்தீர்களா? கனலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, குளிர்கிறது என்று கிண்டல் செய்யும், அதைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. வழிவிடச் சொன்ன சங்கராசாரியாரைப் புலையன் வேடத்தில் வந்த சிவன் மடக்கிய கதைதான் அதன் தோற்றம் பாட்டு. உன்னை வெட்டினாலும் என்னை வெட்டினாலும் ரத்தம் ஒன்றுதானே, பிறகென்ன சாதிச் சண்டை என்று கேட்கும், மேல்சாதிக்காரர் கைகூப்பி நின்று கேட்பார்கள். நீங்கள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததைத் தெய்யமே எத்தனையோ காலமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. கேட்டுவிட்டு மறுநாள் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களே, அதுதான் எனக்கும் ஆறவில்லை.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மலையாள மாதம் துலாம் பத்தில், அதாவது அக்டோபர் கடைசியில் காவுகள் திறக்கும், இடவம் மாதத்தோடு, அதாவது ஜூன் நடுவில், முடியும். மழைக்காலத்தில் வந்தால், வீடு வீடாக வரும் ஆடிவேடன் தவிர, பறசினிக்கடவுதான், அங்கே கிட்டத்தட்ட தினமும் உண்டு. எந்தக் காவில் எப்போது என்று டீக்கடையில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். சாயங்காலமே போய்விடுங்கள், வெள்ளாட்டமும் தோற்றமும் பார்த்தால்தான் விடியற்காலைக் கோலம் புரியும். முகத்தெழுத்து நடக்கும் ஓலைப்பந்தலுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. பல காவுகளில் சாப்பாடு போடுவார்கள், வெட்கப்படாமல் உட்காருங்கள். குறி வாங்கும்போது தெய்யத்தின் கையில் காணிக்கை கொடுங்கள். பேருந்து நிறுத்தத்தில் அந்த மனிதரைப் பார்த்தால் "சேட்டா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பய்யனூர்வாசி, நீங்கள் பேசினீர்களா?

பய்யனூர்வாசி:
பேசினேன். அடுத்த மாதம் குஞ்ஞிமங்கலத்தில் கோலம் இருக்கிறது, வா என்றார். போகிறேன்.