வெள்ளம் வடிஞ்ச பிறகு வந்த ஜுரம்: எலிக்காய்ச்சல் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

பட்டாளம்:
2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ எங்க தெருவுல சாக்கடையும் மழைத்தண்ணியும் ஒண்ணா நின்னுது. எங்க வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு ஆயாவைத் தூக்கினு வர, பால் வாங்க, மோட்டாரைக் கழட்டன்னு நாள்பூரா அதுலயேதான் இருந்தாரு. குதிகால்ல பித்தவெடிப்பு வேற.

தண்ணி வடிஞ்சு, வீடெல்லாம் கழுவி முடிச்ச பிறகு குளிர்ஜுரம் வந்துச்சு. முதல்ல காட்டின கிளினிக்ல சளிஜுரம்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. சளியும் இல்ல, இருமலும் இல்ல. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துவாரு. பாத்ரூம் போக என் தோளைப் புடிச்சுக்கினுதான் நடந்தாரு. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு, ஆனா பீளை இல்ல. அது மஞ்சளா மாறவும் பயந்துபோய் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனோம்.

அங்க ஒரு டாக்டர் பொண்ணு, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்துட்டு, "வெள்ளத்தண்ணியில நடந்தாரா?"ன்னுதான் முதல்ல கேட்டுச்சு. ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம பென்சிலின் ஊசி ஆரம்பிச்சாங்க. மூத்திரம் எவ்ளோ போகுதுன்னு அளந்துக்கினே இருந்தாங்க, இது கிட்னியைப் புடிக்குமாம். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

எலி கடிக்கணும்னே இல்லைங்க. அதோட மூத்திரத்துல வர கிருமி தண்ணியில கலந்து, கால்ல இருக்குற வெடிப்பு, சிராய்ப்பு வழியா உள்ள போயிடுது. ஜுரம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுதான் வரும். அதுக்குள்ள தண்ணியில நடந்ததே மறந்துபோகுது. டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க.

வியாசர்பாடி:
மாட்டுலேர்ந்தும் வரும்க்கா. நாங்க மாடு வச்சிருக்கோம். ஒரு மாடு மாசம் நிரம்பாமலே கன்னு வீசிடுச்சு. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டப்போ, எலிக்காய்ச்சல் கிருமியாலயும் வீசும், புருசெல்லான்னு இன்னொரு கிருமியாலயும் வீசும், எதுவா இருந்தாலும் நஞ்சுக்கொடியை வெறுங்கையால தொடாதீங்கன்னாங்க. மாடு தேறின பிறகும் மூத்திரத்துல கிருமி மாசக்கணக்கா போகுமாம். அப்பா சின்ன வயசுலேர்ந்து வெறுங்கால்லயே கொட்டா கழுவுறவரு. அவரை கம்பூட்ஸ் போட வைக்கிறதுக்குள்ள வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு. இப்போ போட்டுக்கிறாரு.

புளியந்தோப்பு:
எங்க நாய்க்கு வருஷாவருஷம் போடுற கூட்டு ஊசியில இதுக்கும் மருந்து இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. நமக்கு அப்படி வழக்கமாப் போடுற ஊசி இல்லியே? தம்பி கால்வாய் தூர்வாருற வேலைக்குப் போறான். முன்னாடியே மாத்திரை எதுனா போட்டுக்கலாமா?

பட்டாளம்:
டாக்ஸிசைக்ளின் இருக்கு. தண்ணியிலயே நின்னு வேலை செய்யுறவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் குடுப்பாங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. மாசமா இருக்குறவங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் ஆகாது. தம்பியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, என்ன வேலை செய்யுறான்னு சொல்லிக் கேக்கச் சொல்லுங்க. கால்ல புண்ணு இருந்தா ஆறுற வரைக்கும் தண்ணியில இறங்க விடாதீங்க.