ஆவரேஜ் கணக்கு புரியவில்லை, சனிக்கிழமை தேர்வு!! அவசரம்

தாராவி_88:
காப்பீட்டு ஏஜென்ட் தேர்வு எழுதுகிறேன், ஐசி 38. மாதிரித் தாளில் ஆவரேஜ் என்ற தலைப்பில் ஒரு கேள்வி. கடையில் தீ, சரக்கில் 2 லட்சம் நஷ்டம், பாலிசி 6 லட்சத்துக்கு. விடை 1,20,000 என்று போட்டிருக்கிறது. பாலிசிதான் மூன்று மடங்கு இருக்கிறதே, ஏன் முழுசாகத் தரவில்லை? அச்சுப் பிழையா?

செம்பூர்க்காரன்:
தேய்மானம் கழித்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து எப்போதும் அதுதான்.

நெல்லைப் பொண்ணு:
சரக்குக்குத் தேய்மானமா? தம்பி, சரக்கின் மொத்த மதிப்பு எவ்வளவு என்று கேள்வியில் இருக்குமே?

மாதுங்கா மாமா:
டிடக்டபிளைப் பாருங்கள் முதலில், நஷ்டத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை.

பழைய ஏஜென்ட்:
புத்தகத்தைத் திறக்காமல் மாதிரித் தாளை மட்டும் மேய்ந்தால் இப்படித்தான். மதிப்பைச் சொல்லாமல் ஆவரேஜ் கேட்கிறீர்கள், நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

தாராவி_88:
மன்னிக்கவும். 10 லட்சம். அது தேவைப்படாது என்று நினைத்தேன்.

நெல்லைப் பொண்ணு:
கணக்கே அதில்தான் இருக்கிறது. 10 லட்சம் சரக்கை வைத்துக்கொண்டு 6 லட்சத்துக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார். மிச்ச 4 லட்சத்துக்கு ரிஸ்க் அவர் தலையில். அதனால் எந்த நஷ்டமும் 6க்கு 4 என்று பிரியும், இதுதான் ஆவரேஜ். 2 லட்சத்தைப் பத்தால் வகுத்து ஆறால் பெருக்குங்கள். 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால் 2 லட்சமும் வந்திருக்கும். 20 லட்சத்துக்கு எடுத்தாலும் அதே 2தான், நஷ்டத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதுதான் இன்டெம்னிட்டி.

மாதுங்கா மாமா:
என் ஃபிளாட் 2 கோடி போகும். 50 லட்சத்துக்குத்தான் எடுத்திருக்கிறேன். அப்போ கால்வாசிதானா?!

பழைய ஏஜென்ட்:
அந்த விலையில் பெரும்பகுதி மண்ணுக்கு. மண் எரியாது சார். திரும்பக் கட்ட என்ன செலவாகும், அதைப் பாருங்கள்.

செம்பூர்க்காரன்:
வீட்டுக்கு ஆவரேஜே கிடையாது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் அதை நீக்கிவிட்டார்கள்.

பழைய ஏஜென்ட்:
வீட்டுக்கு, சரி. கடைக்கு? அதோடு வந்த, சிறு தொழில்களுக்கான சூக்ஷ்ம உத்யம் பாலிசியில், பாலிசித் தொகை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்தால்தான் ஆவரேஜ் போடாமல் விடுவார்கள். பையனைக் குழப்பாதீர்கள்.

மாதுங்கா மாமா:
எங்கள் ஹவுசிங் சொசைட்டியும் கட்டடத்துக்குத் தனியாகப் பாலிசி வைத்திருக்கிறது. இரண்டிலும் வாங்கலாமா?

நெல்லைப் பொண்ணு:
பங்கு பிரித்துத்தான் தருவார்கள், கான்ட்ரிபியூஷன். மாமா, தனி இழை ஆரம்பியுங்களேன்.

தாராவி_88:
பாஸ் ஆகிவிட்டேன்! தேர்வில் ஆவரேஜ் வரவே இல்லை. ஆயுள் காப்பீட்டுக்கு இன்டெம்னிட்டி உண்டா என்று ஒன்று வந்தது. உண்டு என்று போட்டேன். சரிதானே?

நெல்லைப் பொண்ணு:
போச்சு.