ஆமிஷ் புவர் மேன்ஸ் ஸ்டேக்: வாட்டும்போது உதிர்ந்துபோகிறதே?

கேள்வி:
இது அமெரிக்காவில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் சமையல்: ஒன்றரை பவுண்டு மாட்டுக் கைமாவில் பாலும் பொடித்த சால்டீன் பிஸ்கட்டும் (மெல்லிய உப்பு பிஸ்கட்) பிசைந்து, குளிர வைத்து, துண்டு போட்டு வாட்டி, காளான் சூப்போடு ஓவனில் வைக்கும் முறை. திருப்பிப் போட்டாலே உதிர்கிறது. கிரேவியில் எண்ணெய் மிதக்கிறது, உப்பும் தூக்கல். ஆறு பேருக்குச் சிக்கனமாக முடியணும். சரியான அளவு என்ன?

பதில் 1:
எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள்? ஒரு மணி நேரமெல்லாம் பத்தாது, எட்டு மணி நேரமாவது வேணும். கொழுப்பு இறுகினால்தான் துண்டு நிற்கும்.

உங்கள் அளவுக்கு சால்டீன் தூள் அரை கப், பால் அரை கப், பெரிய வெங்காயத்தில் சிறியதாக ஒன்று, மிளகுத்தூள் கால் டீஸ்பூன். தூளை முதலில் பாலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கூழாக்கிய பிறகு கைமாவைச் சேருங்கள். உலர்ந்த தூளைக் கொட்டினால் திட்டுத்திட்டாக நிற்கும், துண்டு பிளப்பது அந்த இடத்தில்தான். வெங்காயத்தையும் துருவினாற்போல் நறுக்கணும். பிஸ்கட்டிலும் டப்பா சூப்பிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் கைமாவுக்குக் கால் டீஸ்பூன் போதும்.

தட்டில் முக்கால் அங்குலக் கனத்துக்கு அழுத்திப் பரப்பி, மூடிக் குளிர வையுங்கள். மறுநாள் எட்டுத் துண்டாக்கி மைதாவில் புரட்டி, உதறிவிட்டு, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். அடி சிவந்ததும் துண்டு தானாக விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கரண்டியை அடியில் நுழைக்காதீர்கள். சட்டியை அடைத்துப் போட்டால் நீர் விட்டு வேகும், சிவக்காது.

பதில் 2:
எண்ணெய் மிதப்பது, வாட்டிய கொழுப்பை அப்படியே கிரேவியில் சேர்ப்பதால். அதை வடித்துவிட்டு, அடியில் ஒட்டியதை அரை கப் தண்ணீரில் சுரண்டி எடுத்து, 10.5 அவுன்ஸ் டப்பா சூப்பில் கலந்து துண்டுகள் மேல் ஊற்றுங்கள். அலுமினியத் தாளால் இறுக்கி மூடி 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம். மூடாவிட்டால் ஓரம் வறண்டுவிடும்.

ஆமிஷ் சமையல் என்றாலே எல்லாம் தோட்டத்திலிருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. டப்பா சூப் அங்கே சகஜம். உப்பு ஆகாதென்றால் அதற்குப் பதிலாக மூன்று டேபிள்ஸ்பூன் கொழுப்பில் அதே அளவு மைதாவை ஒரு நிமிடம் வறுத்து, இரண்டு கப் பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுங்கள், கட்டி தட்டாது.

பதில் 3:
சிக்கனம் என்று பிஸ்கட் தூளைக் கூட்ட வேண்டாம். முக்கால் கப்பைத் தாண்டினால் ரொட்டிதான் மிஞ்சும். மசித்த உருளைக்கிழங்கோ அகலமான முட்டை நூடுல்ஸோ பக்கத்தில் நிறைய வையுங்கள், கிரேவி அதற்குத்தான். துண்டின் நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் வந்திருக்கிறதா என்று மட்டும் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பாதியை ஃப்ரீஸரில் வைக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. மைதா புரட்டாமல், இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, வாட்டும் சமயத்தில் மாவு தொடணும். முன்பே புரட்டினால் பசையாகிச் சட்டியில் ஒட்டும்.