ஐஸ் ஹாக்கி ப்ளேஆஃப் இரவுகளில் உங்களை இன்னும் விடாமல் பிடித்திருப்பது எது?

நீலவெள்ளை, ஸ்காபரோ

2013, பொஸ்டன், கேம் 7. ரொறன்ரோ லீஃப்ஸ் ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 2004க்குப் பிறகு எங்களுக்கு வந்த முதல் ப்ளேஆஃப், அதாவது கோப்பைக்கான சுற்றுகள். நான்கு ஆட்டத்தை முதலில் வெல்பவருக்கே சீரிஸ். அதில் 3-1 என்று பின்னுக்கு நின்று, இரண்டு ஆட்டத்தை வென்று ஏழாவதுக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசி, மூன்றாவது பீரியட்டில் எங்கள் கட்ரி அடித்த கோலோடு 4-1. அப்பாவுக்கு அன்றைக்கு இரவு ஷிஃப்ட். "சரி, இனிப் பயமில்லை" என்று சொல்லி, சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

பிறகு நடந்தது தெரியும்தானே. பொஸ்டனுக்கு ஹோர்ட்டன் ஒன்று அடித்து 4-2 ஆக்கினார். கடைசியில் பொஸ்டன் தன் கோலியை, அதாவது கோல் காவலரை, வெளியே எடுத்து அவருக்குப் பதிலாக ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. லூசிச் ஒன்று, 31 செக்கன் கழித்து பெர்ஜரோன் ஒன்று. 51 செக்கன் மிச்சம் இருக்க 4-4.

ஓவர்டைமில் முதல் கோல் அடிப்பவருக்கே வெற்றி. அது தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இருக்க முடியாமல் எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். அப்பாவின் கார் இன்னும் வாசலில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, பின்னால் பிரேக் லைட் சிவப்பாக எரிகிறது. ரேடியோவில் கேட்டுக்கொண்டே காலைப் பிரேக்கில் வைத்தபடி இருந்திருக்கிறார். நான் ஒரு கண் ஜன்னலிலும் ஒரு கண் டிவியிலுமாக நிற்கிறேன். டிவியில் பக், அந்த ரப்பர் வட்டு, இன்னும் எங்கள் கோலுக்கு முன்னால் அங்கும் இங்கும் உருள்கிறது. அந்த நேரம் காரின் வெள்ளை லைட் எரிந்தது. அப்பா காரைப் பின்னுக்கு எடுத்து ரோட்டில் இறக்கி, ஹோர்ன் ஒன்றும் அடிக்காமல் போய்விட்டார்.

ரேடியோ டிவியை விடச் சில செக்கன் முந்தியது. வென்றிருந்தால் அப்பா கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடி வந்திருப்பார். அதனால் பெர்ஜரோன் அடிக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சில செக்கன் முழுக்க, தோற்றுவிட்டோம் என்று தெரிந்துகொண்டே, இன்னும் தோற்காத ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அம்மா கைகூப்பிக்கொண்டு இருக்கிறா. அவவுக்குச் சொல்வதா விடுவதா?

காலையில் அப்பா வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார். அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு சொல் கதைத்ததில்லை. உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கோ.


ராலி வாசி

எனக்கு ஹாக்கி என்றால் சின்ன வயதில் டிவியில் பார்த்த தன்ராஜ் பிள்ளைதான். அமெரிக்காவில் ராலிக்கு வந்த பிறகு பையன் ஐஸ் ஹாக்கிப் பைத்தியமானான், கூடவே நானும்.

2023 மே 18, எங்கள் ஊர் அணி ஹரிகேன்ஸும் புளோரிடாவும் மோதிய கிழக்குப் பகுதி இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். எட்டு மணிக்குத் தொடங்கியது, முடியும்போது ராத்திரி இரண்டு மணியை நெருங்கிவிட்டது. நான்கு ஓவர்டைம். ப்ளேஆஃபில் பெனால்டி ஷூட் கிடையாது, யாராவது ஒரு கோல் போடும் வரை இருபது இருபது நிமிடமாக ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஓவர்டைமிலேயே புளோரிடா ஒன்று போட்டு, கோலியை இடைஞ்சல் செய்தார்கள் என்று வீடியோ பார்த்து அதைச் செல்லாது என்றார்கள். அப்போது போன உயிர் திரும்பி வந்தது.

எங்கள் அரங்கில் ஒவ்வொரு பீரியடுக்கும் முன்னால் புயல் சைரனைக் கையால் சுற்றி ஒலிக்க விடுவார்கள். காது கிழியும். மூன்றாவது ஓவர்டைமில் பையன் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். நான்காவதுக்குச் சைரன் அடித்தபோதும் அவன் அசையவில்லை. பக்கத்து வரிசைக்காரர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்திவிட்டார்.

ஐந்தாவது ஓவர்டைமுக்குப் போகிறது என்றே எல்லோரும் நினைத்தோம். 13 விநாடி பாக்கி. புளோரிடாவின் ட்காசுக் அடித்தார். அவர்கள் கோலி பொப்ரோவ்ஸ்கி 63 ஷாட்டைத் தடுத்திருந்தார், நம் ஆளுங்க என்னதான் செய்ய முடியும்?

மொத்த அரங்கும் சட்டென்று அடங்கிவிட்டது. அந்த மூலையில் புளோரிடா ஆட்டக்காரர்கள் கத்துவது மட்டும் மேல் தளம் வரை தெளிவாகக் கேட்டது. சைரனுக்கு எழுந்திருக்காத பையன் அந்த அமைதியில் முழித்துக்கொண்டான். "முடிஞ்சிடுச்சாம்மா? ஜெயிச்சுட்டோமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்த்திவிட்ட அந்த மனுஷன்தான் குனிந்து அவனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இப்போது கேட்டால் பையனுக்கு ஞாபகமில்லை.


மொன்றியல் பெடியன்

நீலவெள்ளை, உங்கள் அப்பாவை நினைக்க எனக்கும் தொண்டை அடைக்குது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரொறன்ரோக்காரர் எப்ப பார்த்தாலும் 2013, 2013 என்பீர்கள். 2021ஐப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்களோடு 3-1 என்று முன்னுக்கு நின்று, மூன்று ஆட்டத்தையும் விட்டீர்கள். முதல் ஆட்டத்திலேயே உங்கள் டவாரெஸ் தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனது பெரிய இழப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எங்கள் பெடியள் விளையாடின விளையாட்டைக் குறைக்கக் கூடாது. எங்கள் பிரைஸ் கோலில் நின்ற நிலை அப்படி.

ராலி வாசி அக்காவுக்கும் ஒரு தகவல். நான்கு ஓவர்டைம் பெரிதுதான், ஆனால் 1936இல் இதே மொன்றியலில் ஆறு ஓவர்டைம் ஓடியிருக்கிறது. டிட்ரொய்ட் 1-0 என்று மறூன்ஸ் என்ற மொன்றியல் அணியை வென்றது. ஆறாவதிலும் பதினாறு நிமிடம் கழிந்துதான் அந்தக் கோல் விழுந்தது.

சரி, என்னுடைய கதை. 2021 ஜூன் 24, கியூபெக்கின் பெருநாள், வேகஸோடு ஆறாவது ஆட்டம். கொரோனாக் காலம், எங்கள் அரங்கான பெல் சென்ரருக்குள் 3,500 பேர் மட்டும்தான். மிச்சச் சனம் முழுக்கத் தெருவில். ஓவர்டைமில் எங்கள் லெகொனென் அடித்தார், 1993க்குப் பிறகு முதல் தடவை இறுதிக்குப் போகிறோம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான கியூபெக்காரர் என்னை அப்படியே கட்டிப்பிடித்துவிட்டார். நானும் பிடித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டு ஆட்களைத் தவிர ஒருவரையும் தொட்டதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை எடுத்தோம். அவர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டு, "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்பு எதற்கு ஐயா என்று கேட்கத் தெரியாத பிரெஞ்சு இல்லை எனக்கு. கேட்கவில்லை, அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இறுதியில் டாம்பாவோடு தோற்றது எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. அந்த "பார்தோன்" மட்டும் போகுதில்லை.


மிசிசாகா ரசிகன்

என்னுடையது சின்னது. 2025 மே, புளோரிடாவுடன் லீஃப்ஸின் கேம் 7, நம் அரங்கிலேயே 6-1 தோல்வி. என் மச்சினன் ஊரிலிருந்து வந்திருந்தான், அவனை அழைத்துப் போயிருந்தேன். கூட்டத்திலிருந்து ஜெர்சிகளைக் கழற்றி ஐஸ் மேல் வீசினார்கள். அதைப் பொறுக்க வந்த இளைஞன் ஒரு ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய பெயர் என்று ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்தான். அவனும் நம்மாள்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியதையெல்லாம் படித்தபோது சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதலில், நீலவெள்ளை தம்பி, வீட்டில் ஒருவர் ரேடியோவிலும் இன்னொருவர் டிவியிலும் ஆட்டம் பார்க்கவே கூடாது. இப்போது இணையத்தில் பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம், கேபிளை விட அரை நிமிடம்கூடப் பிந்தும். பக்கத்து வீட்டில் கத்துவது முதலில் கேட்டுவிடும். ஓவர்டைம் தொடங்கியதும் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், குடும்ப வாட்ஸாப் குழுவை மூடிவிடுங்கள். ஜன்னலையும்தான்.

அடுத்தது, புதிதாகப் பார்க்கிறவர்கள் பக்கைத் துரத்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பக் எங்கே என்று தெரியாவிட்டால் கோலியைப் பாருங்கள். அவர் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, பக் அந்தப் பக்கம்தான். அரங்குக்குப் போகிறவர்கள் கண்ணாடியை ஒட்டி உட்கார ஆசைப்பட வேண்டாம், பாதி ஐஸ் மறைந்துவிடும். மேல் தளத்தில், கோலுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஆட்டம் எப்படி விரிகிறது என்று முழுதாகப் புரியும். மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம், முதல் இரண்டு ஆட்டத்தை வைத்துச் சீரிஸை எடைபோடக் கூடாது. முதல் இரண்டும் ஒரு ஊரில், அடுத்த இரண்டும் மற்ற ஊரில், பிறகு ஒவ்வொன்றாக மாறி மாறி. சொந்த ஊரில் ஒரு அணி தோற்கும் வரை சீரிஸே தொடங்கவில்லை என்பார்கள், அது உண்மை. இதே 2025இல் புளோரிடாவிடம் முதல் இரண்டையும் நாம்தான் ஜெயித்தோம். கோப்பைக்கு நான்கு சுற்று, பதினாறு வெற்றி வேண்டும். இரண்டு வெற்றிக்கே காரில் கொடி கட்டினால் மனசு தாங்காது. குழந்தைகளை நள்ளிரவு வரை உட்கார வைப்பதையும் ராலி அம்மா யோசிக்க வேண்டும்.


ராலி வாசி

சார், நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் என் பையன் அந்த ராத்திரியை எந்த விலைக்கும் விற்க மாட்டான். அடுத்த ப்ளேஆஃபுக்கும் கூட்டிப் போனேன், இனியும் போவேன். ஜெயித்த உடனேயே கொடி கட்டுவதில் என்ன தப்பு? 1967க்குப் பிறகு கோப்பையைப் பார்க்காத ஊர்க்காரர்கள், ஒரு சீரிஸ் ஜெயித்தால்கூடத் தெருவில் இறங்கி ஆடட்டுமே. 2023இல் டாம்பாவை டவாரெஸ் ஓவர்டைமில் வீழ்த்திய அன்று நீங்கள் கொடி கட்டாமலா இருந்தீர்கள்?


எட்மண்டன் அக்கா

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். 2024 இறுதி. புளோரிடாவிடம் முதல் மூன்றையும் தோற்று, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவதில் 2-1 என்று எங்கள் ஒய்லர்ஸ் தோற்ற ஆண்டு. எங்கள் இல்லத்தில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருந்தா. இங்கிலீஷ் ஒரு சொல் பேச மாட்டா, ஆனால் ஹாக்கியின் ஒவ்வொரு விதியும் தெரியும். பஞ்சாபி வர்ணனை கேட்டே பழகினவ. 2016இல் பொனினோ என்ற ஆட்டக்காரர் கோல் அடித்தபோது வர்ணனையாளர் ஹர்னாராயண் சிங் "பொனினோ பொனினோ பொனினோ" என்று கத்தினாரே, அதை அப்படியே ராகத்தோடு சொல்லிக் காட்டுவா.

ஆட்டம் முடிந்து ப்ளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் என்று எங்கள் மெக்டேவிட் பெயரை அறிவித்தார்கள். தோற்ற அணிக்காரருக்கு அந்த விருது கிடைப்பது அபூர்வம். அவர் வாங்க வெளியே வரவில்லை. நான் மருந்துத் தட்டோடு நிற்கிறேன். பாட்டி என் கையைப் பிடித்து, ஸ்க்ரீனைக் காட்டி, பஞ்சாபியில் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறா. மொழி தெரியாவிட்டாலும் பிள்ளை எங்கே என்று கேட்கிறா என்பது விளங்கியது. "அழுதுகொண்டிருப்பான் பாட்டி, விடுங்கோ" என்று நான் தமிழில் சொன்னேன். தலையாட்டினா, ஆனால் கையை விடவில்லை.

பஞ்சாபியில் 2008இலேயே தொடங்கிவிட்டார்கள். ரொறன்ரோவில் இவ்வளவு தமிழ்ச் சனம் இருந்தும் எங்களுக்கு ஏன் இன்னும் ஒன்று வரவில்லை? ஊர்க் கரப்பந்தாட்டத்துக்கு மைக்கைப் பிடித்து மூச்சு விடாமல் சொல்கிற பெடியள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இங்கே எழுதுகிறவர்களில் யாராவது அப்படிச் செய்கிறவர்கள் இருந்தால், வருகிற ப்ளேஆஃபில் ஒரு ஆட்டத்துக்காவது இணையத்தில் செய்து பாருங்கோ. ரேடியோ முந்துது, டிவி பிந்துது என்ற கதையைப் பிறகு பார்க்கலாம்.


நீலவெள்ளை, ஸ்காபரோ

அக்கா, என் மச்சான் ஒருவன் மார்க்கம் நகரில் ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்கிறவன். இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பிவிட்டேன். ஐசிங், ஓஃப்சைடு என்ற ஹாக்கி விதிகளுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று இப்போதே கேட்கிறான். அப்படியே சொல், சனத்துக்கு விளங்கும் என்று சொல்லியிருக்கிறேன்.