ரைல்ஸ் ட்யூப் அடைப்பு, வயிற்றுப்போக்கு: ஃபீடை நிறுத்தும் முன் மருந்தைப் பாருங்கள்

ஐசியு செவிலியர்:
மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் அடைத்தால், எல்லோரும் ஃபீடு (குழாயில் ஏற்றும் திரவ உணவு) கெட்டியாகிவிட்டது என்கிறார்கள். வார்டில் அடிக்கடி பார்ப்பது வேறு: நாலைந்து மாத்திரையைச் சேர்த்துப் பொடித்து, ஒரே சிரிஞ்சில் கலக்கி, ஃபீடு ஓடும்போதே ஏற்றுவது. அடைக்காமல் என்ன செய்யும்? மருந்து கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் முதலில் ஃபீடை நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு 30 மி.லி. தண்ணீரால் அலசுங்கள். ஒவ்வொரு மருந்தையும் தனியாகக் கரைத்துக் கொடுத்து, நடுவே 10-15 மி.லி. தண்ணீர் விடுங்கள், முடிவில் மறுபடி 30. தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான். நோயாளிக்குள் போகும் திரவ அளவை எழுதும் இன்டேக் சார்ட்டில் இந்தத் தண்ணீரையும் எழுத வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடைத்துவிட்டால் 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மெல்லத் தள்ளி மெல்ல இழுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் எகிறும், குழாய் கிழியும். கோலா, ஜூஸ் ஊற்றாதீர்கள். அமிலம் பட்டால் ஃபீடிலுள்ள புரதம் திரிந்து இன்னும் இறுகும். வெளியே எடுத்த கைடு வயரை (குழாயைச் செலுத்த உள்ளே வைக்கும் கம்பி), குழாய் உள்ளே இருக்கும்போது திரும்ப நுழைக்கவே கூடாது. பக்கவாட்டுத் துளை வழியே வந்து குடலைக் குத்தும்.

மருந்தாளுநர்:
எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கும், மெல்ல மெல்ல மருந்தை விடும் மாத்திரைகளைப் பொடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப்போ, வேறு மருந்தோ கேளுங்கள். ஆனால் சிரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: பலவற்றில் இனிப்புக்குச் சார்பிட்டால் சேர்ப்பார்கள், அது சேரச் சேர வயிறு போகும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் ஃபீடோடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படாது. ரத்தத்தில் அளவு குறைந்து வலிப்பு வரலாம். அதற்கு முன்னும் பின்னும் 1-2 மணி நேரம் ஃபீடை நிறுத்துவது வழக்கம்.

உணவியல் நிபுணர்:
வயிற்றுப்போக்கு என்றதும் ஃபீடை நிறுத்தாதீர்கள், நோயாளி பட்டினி கிடப்பதுதான் மிச்சம். சிரப், ஆன்டிபயாடிக், மலமிளக்கி மூன்றையும் சார்ட்டில் தேடுங்கள். ஆன்டிபயாடிக் ஓடினால் சி.டிஃபிசில் (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குடல் கிருமி) பரிசோதனையும் கேளுங்கள். பவுடரில் கலக்கிய ஃபீடைத் தொங்கவிட்டு 4 மணி நேரம் தாண்டினாலும் கிருமி பெருகும். பழைய மிச்சத்தின் மேல் புதிதை ஊற்றக் கூடாது.

ஐசியு செவிலியர்:
இன்னொன்று. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை ஊதி ஸ்டெத்தில் சத்தம் கேட்டால் போதும் என்று நம்பாதீர்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். குழாயிலிருந்து உறிஞ்சிய திரவத்தில் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் போகும் நோயாளிக்கு அது கூடிக் காட்டலாம். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே, அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள்.